சாந்தினியின் வெள்ளிக்கிழமை

எங்கள் கம்பெனியின் கிளவுட், அதுதான் கணினி மேகம், எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் ஆகாயத்தைக் காட்ட மாட்டேன். தரைத்தளத்தில், கழிவறைக்கு எதிரே, முன்பு காலிப் பெட்டிகளைப் போட்டு வைத்திருந்த ஸ்டோர் ரூமைக் காட்டுவேன். அதற்கு ஏர்கண்டிஷன் வாங்கியது, மெஷின்கள் வாங்கியது, கதவுக்குப் பூட்டு வாங்கியது எல்லாம் நான். அந்த மெஷின்களைக் கிளவுட் ஆக்கியது சாந்தினி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்போது எங்கள் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் அவள் பெயரைச் சொல்வதில்லை. அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் கமலநாதன். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் செனாயில், ஆஸ்பத்திரிகளுக்குப் பிளாஸ்டிக் குழாயும் மூடியும் செய்கிற தொழிற்சாலையில், கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம், சிங்கப்பூரில் இருக்கிறார், தலைமை அலுவலகமும் அங்கேதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

சாந்தினி சிம்பாங் ரெங்கம் பக்கத்துப் பிள்ளை. அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஜொகூரில் பாதிப் பேர் செய்வதையே அவளும் செய்தாள், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாள். கல்யாணமாகி கூலாயில் குடியேறிய பிறகும் அதே ஓட்டம்தான். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தில் மற்ற மோட்டார்களின் புகையையெல்லாம் குடித்து, அங்கே ஒரு டேட்டா சென்டரில் வேலை பார்த்து, பிள்ளை தூங்கிய பிறகு வீடு திரும்புவாள். புருஷன் விஜயன் லோரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பான். மகள் லோஷினியைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார்.

ஜொகூருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியாது. அந்த நாளில் எங்கள் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பாலத்துக்கு அந்தப் பக்கம் சனியும் ஞாயிறும். ஞாயிற்றுக்கிழமை சாந்தினி வீட்டில் இருப்பாள், லோஷினி பள்ளிக்கூடத்தில் இருப்பாள். வெள்ளிக்கிழமை லோஷினி வீட்டில் இருப்பாள், சாந்தினி பாலத்தில் நின்றுகொண்டிருப்பாள். தாயும் மகளும் நாள் முழுக்க ஒன்றாக இருந்தது சனிக்கிழமை மட்டும்தான். ஒரு முறை கால் சுளுக்கி, சாந்தினி வாரத்தின் நடுவில் லீவு போட்டு வீட்டில் இருந்திருக்கிறாள். தூங்கி எழுந்த பிள்ளை அவளைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு சனியாம்மா?” என்று கேட்டு, பள்ளிச் சீருடை போட மாட்டேன் என்று அடம்பிடித்ததாம். என்னிடம் இதைச் சொன்னபோது சாந்தினி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த வேலையை விட்டாள். எங்கள் கம்பெனி மாநில விடுமுறையை ஒட்டி நடந்தது. வெள்ளியும் சனியும் லீவு, வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம், காலையில் பிள்ளைக்குத் தலை பின்னிப் பள்ளியில் விட்டுவிட்டே வேலைக்கு வரலாம். சம்பளம் சிங்கப்பூரில் வாங்கியதில் பாதி கூட இல்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டார்கள். அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் இங்கே அவளை எடுத்தது ஒப்பந்தத்தில். டிசம்பர் வந்தால் முடியும், ஜனவரியில் மறுபடி போடுவார்கள், போடாமலும் விடுவார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த வேலை நிரந்தரமாக வேண்டும், மறுபடி பாலம் ஏறக் கூடாது.

அதற்கு வழி காட்டியவர் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவின் மேனேஜர் தேனப்பன். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவார், யார் வீட்டுச் சாவு என்றாலும் முதலில் வந்து நிற்பார். ஆனால் தெரியாது என்ற ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிடம் வாடகைக்கு இருந்த கணினி வசதியை விட்டுவிட்டு, நம் சொந்த இடத்தில் சொந்தக் கிளவுட் வைத்துக்கொள்ளலாம் என்று தலைமை அலுவலகம் முடிவு செய்தபோது, “ஓ, போலே, முடியும், ரெண்டு மாசத்துல செஞ்சுடலாம்” என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர்தான். வந்தவர் நேராக சாந்தினியின் மேசைக்குப் போனார்.

“இத நீ எழுப்பிக் குடுத்துடு லா. ஓட ஆரம்பிச்சுட்டா உன்ன பெர்மனன் ஆக்கறது என் பொறுப்பு.”

“நெசமாவா பொஸ்?”

“நான் சொல்றேன்ல.”

அன்று தொடங்கினாள். நான் வாங்கிக் கொடுத்தவை எல்லாம் யாரோ பயன்படுத்திக் கழித்த மெஷின்கள். புதிது வாங்கத் தலைமை அலுவலகத்துக்கு மனம் வரவில்லை. அவள் வேலை செய்த விதத்தைப் பார்த்தால் என்னைப் போன்றவர்களுக்கு ஒன்றும் விளங்காது. கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். மவுஸைத் தொட மாட்டாள். எந்த மெஷினுக்கு என்ன வேலை என்று ஒரு கோப்பில் எழுதி வைப்பாள். இது சரக்கை வைத்துக்கொள்வது, இது உள்ளே வருபவரை யார் என்று கேட்பது, இது மற்றவற்றுக்கு வழி சொல்வது என்று. பிறகு ஒரே ஒரு கட்டளை வரி தட்டுவாள். அந்த வரியைக் கேட்டு ஒரு கருவி, அதுவும் ஒரு புரோகிராம்தான், ஒவ்வொரு மெஷினாகப் போய், வேண்டியதை இறக்கி, பொருத்தி, ஓட வைத்துப் பார்த்து, கடைசியில் எத்தனை சரி, எத்தனை தோல்வி என்று சொல்லும். தோல்விக்கு நேரே பூஜ்யம் வர வேண்டும். மாதக்கணக்கில் அது வரவே இல்லை.

ஒரு நாள் நேராக என் மேசைக்கு வந்து நின்றாள்.

“அண்ணே, நீங்க வாங்கிக் குடுத்த ஒரு மெஷினு இன்னும் நேத்துலயே இருக்கு.”

“என்ன தங்கச்சி சொல்ற?”

“அதோட கடிகாரம் பின்னாடி ஓடுது. மத்த மெஷினுங்க அத நம்ப மாட்டேங்குதுங்க. கேட்டா, நீ யாருன்னே தெரியாதுங்குது.”

அந்தக் கடிகாரத்தின் பேட்டரி ஒரு காசு அளவுதான் இருந்தது. பாசாரில் கடிகாரக் கடைக்காரனிடம் வாங்கி வந்து கொடுத்தேன். அது போட்ட பிறகும் வேறு ஏதாவது ஒன்று உதைக்கும். தேனப்பன் தினமும் வந்து எட்டிப் பார்த்து, “இன்னும் சுசாவா, கஷ்டமா?” என்று கேட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார். அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. தோல்வி வரும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பில் ஒரு திருத்தம் செய்வாள், ஏன் செய்தேன் என்று பக்கத்திலேயே எழுதியும் வைப்பாள். பூஜ்யம் வந்த அன்று தொழிற்சாலை முழுவதற்கும் கரிபாப் வாங்கி வந்து கொடுத்தாள். கேட்டில் காவல் நிற்கும் ஜாகாவுக்கும் இரண்டு கொடுத்தாள்.

கிளவுட் ஓடியது. நிரந்தர வேலை வரவில்லை. “இந்த வருஷம் பட்ஜெட் முடிஞ்சிருச்சு லா, அடுத்த வருஷம்” என்றார் தேனப்பன். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னார்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொல்ல வேண்டும். பெரிய மெஷின்களுக்குப் பக்கத்தில் மூன்று பழைய மெஷின்களைத் தனியாக வைத்திருந்தாள். அது அவளுடைய ஒத்திகைக்கு. நிறுவத் தெரிந்த அதே கருவிக்கு, நிறுவியதை முழுக்கத் துடைத்து அழிக்கவும் தெரியும். வாரம் ஒரு முறை அந்த மூன்றையும் வெறும் இரும்பாக்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து எழுப்பிப் பார்ப்பாள். எழும்பினால், நாளைக்குப் பெரிய மெஷின்கள் விழுந்தாலும் தூக்கிவிடலாம் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால், வெள்ளி காலையில் அது தானாகவே நடக்கும்படி வைத்திருந்தாள். அழிக்கும் முன் அந்தக் கருவி சும்மா விடாது. ஆமாம், உண்மையாகத்தான் சொல்கிறேன், அழித்துவிடு என்று பொருள்படும் ஒரு தொடரையும் சேர்த்து எழுதினால்தான் கேட்கும். ஆள் இல்லாத நாளில் யார் வந்து ஆமாம் சொல்வது? அதனால் அந்த ஆமாமையும் வரியிலேயே எழுதி வைத்துவிட்டாள்.

தேனப்பனுக்கு இந்த ஒத்திகை ரொம்பப் பிடித்துப்போனது. ஒவ்வொரு வெள்ளியும் பச்சை நிறத்தில் ஒரு அறிக்கை அவருக்கு வரும். அதை அப்படியே தவுக்கேக்கு அனுப்பி, எங்கள் கிளவுட் வாரம் ஒரு முறை செத்துப் பிழைக்கிறது என்று பெருமை அடித்துக்கொள்வார்.

பிறகு ஒரு புதிய வாடிக்கையாளர் வந்தார். ஒவ்வொரு பெட்டியிலும் எந்த அச்சில் வார்த்தது, எந்த ஷிப்ட், யார் சோதித்தது என்பதெல்லாம் பதிவாக வேண்டும் என்றார். ஆஸ்பத்திரிச் சாமான், அதில் விளையாட முடியாது. அதற்கான புரோகிராமை வைக்கப் பெரிய மெஷின்களில் இடம் இல்லை. புதிய மெஷினுக்கு நான் போட்ட மனு சிங்கப்பூரில் தூங்கியது.

“அந்த மூணு பழைய மெஷினு சும்மாதானே இருக்கு, அதுல வை” என்றார் தேனப்பன்.

“பொஸ், அத வாரா வாரம் அழிக்கிறோம். அப்ப ஒத்திகைய நிறுத்திடவா?”

“அத நிறுத்தாத லா. தவுக்கே கேப்பாரு. வெள்ளிக்கிழமதான் இங்க யாருமே இல்லியே.”

மாட்டேன் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். டிசம்பர் வந்தால் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருத்தி மேனேஜரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்? வியாழன் மாலை பதிவுகள் பெரிய மெஷினுக்குப் போய் ஒதுங்கும். வெள்ளி காலை மூன்றும் துடைக்கப்பட்டு மறுபடி எழும். சனியன்று பதிவுகள் திரும்பி வரும். ஞாயிறு காலை ஷிப்டுக்கு எல்லாம் தயாராக இருக்கும். அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாள். ஜொகூரில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்ற ஒன்றை நம்பித்தான் அது மொத்தமும் நின்றது.

மாநிலம் அந்த விடுமுறையை மாற்றியது. இரண்டாயிரத்து இருபத்தைந்து ஜனவரியிலிருந்து இங்கேயும் சனியும் ஞாயிறும் என்று அறிவிப்பு வந்தது. கல்யாண மண்டபம் பதிந்தவர்கள், கோயில் உபயக்காரர்கள், டியூஷன் டீச்சர்கள் எல்லாரும் நாள் மாற்ற ஓடினார்கள். சாந்தினிக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த வரிதான். டிசம்பர் நடுவில், கெண்டினில், என் எதிரிலேயே தேனப்பனிடம் கேட்டாள்.

“பொஸ், ஜனவரிலருந்து வெள்ளிக்கிழம வேல. அந்த அழிக்கிறத ஞாயித்துக்கிழமைக்கு மாத்தணும். இப்பவே மாத்திடவா?”

“அலமாக், இப்பவா? வருஷக் கடைசி ஆடிட் நடக்குது. அது முடியற வரைக்கும் யாரும் எதுலயும் கை வைக்கக் கூடாதுன்னு மேல சொல்லியாச்சு.”

“ஒரே ஒரு வரிதான் பொஸ்.”

“ஒரு வரிதானே? ஜனவரி பொறந்ததும் மாத்திக்க. நீ எங்க ஓடிடப் போற? உன் பெர்மனன் லெட்டர் ரெடியாகிட்டு இருக்கு லா.”

அந்தக் கடைசி வார்த்தையில் அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை.

டிசம்பர் கடைசி நாளோடு ஒப்பந்தம் முடிந்தது. முடிந்த அன்றே அவளுடைய லாகின் தானாக மூடிக்கொண்டது. கம்பெனி விதி அப்படி. ஜனவரி இரண்டாம் தேதி, வியாழக்கிழமை, நல்ல சேலை கட்டிக்கொண்டு கடிதம் வாங்க வந்தாள். கையெழுத்துப் போட வேண்டியவர் சிங்கப்பூரில் புத்தாண்டு லீவில் இருக்கிறார், திங்கள் வா என்றார்கள். சரி, லாகினையாவது ஐந்து நிமிஷம் திறந்து விடுங்கள், நாளைக்கு வெள்ளி என்று கெஞ்சினாள். ஒப்பந்தம் இல்லாத ஆளை மெஷின் பக்கம் விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தேனப்பன் போன் எடுக்கவில்லை. என்னிடம் வந்தாள்.

“அண்ணே, நீங்க மேல போய் பொஸ்கிட்ட சொல்லுங்க. அவரு தட்டட்டும், நான் பக்கத்துல நின்னு சொல்லித் தர்றேன். நான் தொட மாட்டேன்.”

நான் மாடி ஏறிப் போனேன். தேனப்பன் அறையில்தான் இருந்தார். நாளைக் காலை அந்த மெஷின்கள் தானாக அழியும், இன்றைக்கே நிறுத்த வேண்டும், சாந்தினி கீழே நிற்கிறாள் என்று தெளிவாகச் சொன்னேன்.

“தெரியும், தெரியும். அவள வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்.”

அவருக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியாது. அந்தக் கருப்புத் திரையை அவர் ஒரு நாளும் திறந்ததில்லை. எனக்கு அது தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனாலேயே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மறுநாள்தான் வேலை நாளாக வந்த முதல் வெள்ளி. ஊரே தடுமாறிக்கொண்டு வந்தது. பழக்கத்தில் தூங்கிவிட்டுத் தாமதமாக வந்தவர்கள் பலர். கேட்டில் நாசி லெமாக் சோறு விற்கும் மலாய்க்கார மக்சிக் அம்மா வரவேயில்லை. காலை ஷிப்ட் மட்டும் நேரத்துக்குத் தொடங்கி, பெட்டிகள் நிறைந்துகொண்டே போயின. நாங்கள் காப்பிக்குப் போகும் நேரத்தில் பேக்கிங் பகுதியில் திரைகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. லேபிள் அடிக்கும் மெஷின் நின்றது. பேக்கிங் திரைகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால், தானாக மறுபடி எழும்ப வேண்டியதும் பாதியில் தோல்வி என்று நின்றுவிட்டது. காலையிலிருந்து நிரப்பிய பெட்டிகள் எந்த அச்சு, யார் சோதித்தது என்ற பதிவு எதுவும் இல்லாமல் அனாதையாக நின்றன. தேனப்பன் மாடிப் படியில் நின்று இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

போன் போட்டு அவளை வரச் சொன்னார்கள். முந்தின நாள் உள்ளே விட மாட்டேன் என்றவர்களே கேட்டில் போய்க் காத்திருந்தார்கள். ஜாகா அவள் கழுத்தில் விசிட்டர் அட்டையை மாட்டி விட்டான். அவள் எழுப்பிய அறைக்கு அவளே விசிட்டர். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் உட்கார்ந்தாள். அந்த அழிக்கும் நாளை முதலில் மாற்றினாள். பிறகு நிறுவும் வரியைத் தட்டினாள். கருவி ஒவ்வொரு மெஷினாகப் போனது. ஜும்மா தொழுகைக்குப் போன மலாய்க்காரத் தோழர்கள் திரும்பி வந்தபோது எல்லாம் பழையபடி ஓடிக்கொண்டிருந்தது. வியாழன் வரையிலான பதிவுகள் எல்லாம் திரும்பின. வெள்ளி காலைப் பதிவுகள் திரும்பவில்லை. அந்தப் பெட்டிகளை எல்லாம் உடைத்து நொறுக்கச் சொன்னார்கள். நொறுக்கும் கம்பெனிக்குப் போன் போட்டவன் நான்தான்.

தேனப்பனுக்கு உயிர் வந்தது. அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், “இவ்வளவுதானா? ஒரே ஒரு வரியா?” என்றார்.

“ஆமா பொஸ். கோப்பு சரியா இருந்தா ஒரே வரிதான்.”

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். அந்தப் பதிலே அவளுக்கு வினையாக முடிந்தது.

திங்கட்கிழமை கூட்டம். சிங்கப்பூர்க்காரர்கள் பெரிய திரையில் இருந்தார்கள். அழித்தது ஒப்பந்தக்காரர் எழுதி வைத்த வரி என்று தேனப்பன் ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அந்த வரிய மாத்தணும்னு அவ டிசம்பர்லயே கேட்டா. நீங்கதான் கை வைக்காதன்னீங்க. வியாழக்கிழம நானே மாடி ஏறி வந்து சொன்னேனே, பாத்துக்கறேன்னு சொன்னீங்களா இல்லியா?” என்று முகத்துக்கு நேரே கேட்டேன்.

திரையில் இருந்த ஒருவர் என்னை எந்தப் பிரிவு என்று கேட்டார். கொள்முதல் என்றேன். நன்றி சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். யார் நிறுத்தவில்லை என்பது அவர்களுக்கு முக்கியமாகப் படவில்லை. யார் எழுதியது என்றுதான் கேட்டார்கள். எழுதியது சாந்தினி. அதோடு, ஒரே வரியில் எழும்புகிற ஒன்றுக்கு நிரந்தர ஆள் எதற்கு என்ற கேள்வியும் அந்தக் கூட்டத்திலேயே வந்தது. தேனப்பன் அப்போது குனிந்து தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக அவளுக்கு ஒரு வாரம் கொடுத்தார்கள். எனக்கு வந்த கோபத்தில், “அந்தக் கோப்புல முக்கியமானது எதையாச்சும் எடுத்துடு. திண்டாடட்டும். அப்பத்தான் உன்னைக் கூப்பிடுவானுங்க” என்றேன்.

“அப்படிச் செஞ்சா அது ஓடாதுண்ணே.”

“ஓடாம போகட்டும்னுதானே சொல்றேன்!”

“ஓடணும்ணே. அதுக்குத்தானே செஞ்சேன்.” பிறகு, “அந்த ஆமாம நான் எழுதி வெச்சிருக்கக் கூடாது. யாராவது ஒரு ஆள் அத கையால தட்ட வேண்டியிருந்தா, கொஞ்சம் யோசிச்சிருப்பாங்கல்ல?” என்றாள்.

எவ்வளவோ பேர் செய்த தப்பில் தன் பங்கை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள். மற்றவர்களின் பங்கை அவரவர் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள் போலிருக்கிறது. கடைசி நாளில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். தேனப்பன் ஆறுதலாக, “இப்பத்தான் ரெண்டு பக்கமும் ஒரே லீவாச்சே, சிங்கப்பூர் போனாலும் உனக்கு சுசா இல்ல லா” என்றார். அவர் கழுத்தைப் பிடிக்கலாமா என்று இருந்தது எனக்கு.

பக்கத்தில் எங்கெல்லாமோ கேட்டுப் பார்த்தாள். ஜொகூரில் மூலைக்கு மூலை டேட்டா சென்டர் எழும்புகிறது என்று பேப்பரில் போடுகிறார்கள். அவள் போன இடத்தில் எல்லாம் பழைய கம்பெனிக்குப் போன் செய்து கேட்டார்கள். இங்கிருந்து என்ன சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் இன்னொரு சண்டைதான் வந்திருக்கும்.

இதற்கிடையில் தலைமை அலுவலகம் ஒரு முடிவு எடுத்தது. செனாய் மெஷின்களை இனி செனாய்க்காரர்கள் நடத்த வேண்டாம், சிங்கப்பூரிலிருந்தே நடத்தலாம். அதற்கு ஒரு ஏஜென்சியை அமர்த்தினார்கள். அந்தக் கட்டளை வரிக் கருவி தெரிந்த ஆள் ஏஜென்சிக்கு வேண்டும். தெரிந்தவர்கள் அதிகம் இல்லை. விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பம் போட்டவர்களில் சாந்தினியும் ஒருத்தி. எந்தக் கம்பெனிக்கு வேலை என்று வேலை கிடைத்த பிறகுதான் சொன்னார்கள். அவளுக்கு வேறு வழியும் இல்லை.

ஆக, இன்றைய நிலைமை இதுதான். சாந்தினியின் வீடு கூலாயில். மெஷின்கள் செனாயில். அவள் விடியுமுன் எழுந்து, செனாயைத் தாண்டி, பாலம் ஏறி, சிங்கப்பூரில் ஒரு கட்டடத்தின் உள்ளறையில் உட்கார்ந்து, செனாயில் இருக்கும் மெஷின்களுக்குக் கட்டளை தட்டுகிறாள். ஓட்டுவது அவள் எழுதிய அதே கோப்பைத்தான். அங்கேயும் ஒப்பந்தம்தான். சம்பளம் சிங்கப்பூர் டாலரில் வருகிறது என்பதால் சொந்தக்காரர்கள் எல்லாம் இப்போது அவளை மெச்சுகிறார்கள். ஸ்டோர் ரூம் சாவி என்னிடம் வந்தது. கேபிள் கழன்றால் மாட்டுவது, விளக்கு சிவந்தால் சொல்வது என் வேலை. அறையில் ஒரு போன் இருக்கிறது, மெஷின் ஏதாவது தொடர்பில் இல்லாமல் போனால் சிங்கப்பூரிலிருந்து அடிப்பார்கள்.

போன மாதம், ஒரு புதன்கிழமை, லோஷினியின் பள்ளியிலிருந்து எனக்குப் போன் வந்தது. அவசரத்துக்கு என் நம்பரையும் சாந்தினி அங்கே கொடுத்து வைத்திருந்தாள். பிள்ளைக்கு நல்ல காய்ச்சல், ஆசிரியர் அறையில் படுக்க வைத்திருக்கிறோம், அம்மா போனை எடுக்கவில்லை, அப்பாவின் போன் கிடைக்கவில்லை என்றார் டீச்சர். விஜயன் லோரியோடு எங்கோ மலைப்பாதையில் இருந்திருப்பான். சாந்தினி வேலை செய்யும் அறைக்குள் சொந்தப் போன் கொண்டு போகக் கூடாது, வாசலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஏஜென்சிக்கு அடித்தேன். சொந்த விஷயம் என்றால் இடைவேளையில் சொல்கிறோம் என்றார்கள்.

நான் ஸ்டோர் ரூமைத் திறந்தேன். மூன்றாவது மெஷினின் கேபிளைப் பிடுங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. சாந்தினியின் குரல், சுத்தமான ஆங்கிலத்தில், மூன்றாவது மெஷின் தொடர்பில் இல்லை, தயவுசெய்து பார்க்கவும் என்றது.

“சாந்தினி, நான்தான்மா. லோஷினிக்குக் காய்ச்சல். ஸ்கூல்லருந்து கூப்புட்டாங்க. கெளம்பி வர முடியுமா?”

பின்னால் யாரோ சீன மொழியில் பேசுவது கேட்டது. பிறகு மறுபடி ஆங்கிலத்தில், “கேபிளைத் திரும்ப மாட்டுங்கள், மிஸ்டர் கமலநாதன். இந்த அழைப்பு பதிவாகிறது” என்றாள்.

மாட்டினேன். பச்சை விளக்கு வந்துவிட்டது என்று சொன்னேன். இங்கேயும் வந்துவிட்டது, நன்றி என்றாள். போனை வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

“அண்ணே,” என்றாள், தமிழில். “டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஊசின்னா அவளுக்கு பயம். கைய கெட்டியா புடிச்சுக்குங்க.”